பெட்ரோல் கப்பலும் பூசணிக்காயும்

நல்ல நேரம் முடியப் போகிறது. பூசணிக்காய் மேல் கற்பூரம் வைத்தாயிற்று. கூடி நிற்கிற அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள ரெடி. அந்த நேரம் பார்த்து அந்தப் பூசணிக்காயைப் பிடுங்கிக்கொண்டு யாராவது ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஓடியிருக்கிறேன். அதுவும் தலைக்குப் பொருந்தாத ஒரு மஞ்சள் ஹெல்மெட்டோடு.

சுனாமி வந்து இரண்டு வருஷம் தாண்டியிருந்த பங்குனி மாதம் அது. புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு பக்கம், ஆறு போய்க் கடலில் சேருகிற இடத்துத் துறைமுகம். அப்போதுதான் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். கேம்பஸுக்கு வந்ததெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள். ஏசி ரூமில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க நான் ஆளில்லை என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன், ரிமோட்டை.

அப்போதுதான் அந்தப் பார்ஜ் வந்து மாட்டியது. பார்ஜ் என்றால் சொந்த இன்ஜின் இல்லாத தட்டையான எண்ணெய்க் கப்பல். இன்னொரு கப்பல்தான் அதைக் கட்டி இழுத்துப் போக வேண்டும். போகிற வழியில் அடிப்பக்கம் விரிசல் விட்டு, எங்கள் ஆற்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். உள்ளே வயிறு முட்ட பெட்ரோல். அதையெல்லாம் டேங்கர் லாரிகளில் இறக்கினால்தான் ரிப்பேரில் கையே வைக்க முடியும். இறக்கும் வேலையை எடுத்த கான்ட்ராக்டருக்குத் தற்காலிகமாக ஒரு சேஃப்டி அசிஸ்டென்ட் தேவைப்பட்டது. இன்டர்வியூவில் கேட்ட ஒரே கேள்வி, வெயிலில் நிற்பியா. நிற்பேன் என்றேன். வேலை கிடைத்தது.

துறைமுக விதிகளின் ஜெராக்ஸ் வாங்கப் போனபோது, பழைய கிடங்குச் சுவரில் ஒரு பலகை பார்த்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பலகை. மேலே பிரெஞ்சு, பாதி உதிர்ந்துவிட்டது. கீழே தமிழில் ஒரே வரி. எண்ணெய்க் கப்பல் நிற்கையில் நெருப்பு ஆகாது. அவ்வளவுதான். என் கையில் இருந்த ஜெராக்ஸ் கட்டு முழுக்க இதையேதான் வளைத்து வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறக்கும்போது சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் இறக்க வேண்டும். பீடி, அடுப்பு, செல்போன் கூடாது. இத்தனை தூரத்துக்குள் படகு வரக் கூடாது, இத்தனை தூரத்துக்குள் தீ வைக்கக் கூடாது. தூரத்தை நானே டேப் வைத்து அளந்து, எல்லையில் ஒரு கம்பம் நட்டேன். என்ன ஒரு பெருமை அப்போது எனக்கு!

கொடி ஏற்றிய முதல் நாளே கலாய்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னா பாப்பா, எந்த மில்லுல ஸ்ட்ரைக்கு?" என்றார் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர்.

மதியம் இன்னும் மோசம். பக்கத்தில் கட்டியிருந்த படகுகளில் ஸ்டவ்வைப் பற்றவைத்து மீன் குழம்பு கொதிக்கவிடுவது அவர்கள் வழக்கம். நான் ஒவ்வொரு படகாகப் போய் நெருப்பு ஆகாது, நெருப்பு ஆகாது என்று கத்தினேன். முறைத்தார்கள். ஒருத்தர் பச்சை மீனை நீட்டி, "இந்தா, நீயே தின்னு காட்டு" என்றார். நான் நகரவில்லை. அவர்களும் கடைசியில் படகுகளை அவிழ்த்துக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குப் பேரே நெருப்பாகாதுதான். "தோ நெருப்பாகாது வருது, பீடிய அணைடா" என்பார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கம்பத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றில் கொஞ்சம் மேலே, கரையில் ஒரு புது மரப்படகு நின்றது. பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்து அக்கா ஒருவருடையது. சுனாமியில் அவர்கள் படகு விறகாகிப் போயிருந்தது. புருஷனுக்கு அன்றைக்கு முதுகில் அடி, இனிமேல் கடலுக்குப் போக முடியாது. இரண்டு வருஷம் அடுத்தவர் மீனைக் கூடையில் சுமந்து விற்றபடியே இந்தப் படகைக் கட்டி முடித்திருந்தார் அந்த அக்கா. அவருடைய தம்பிதான் ஓட்டப் போகிறார். இவ்வளவு கனமான படகு, பௌர்ணமித் தண்ணீர் ஏறி நிற்கும்போது தள்ளினால்தான் இறங்கும். பங்குனிப் பௌர்ணமியை விட்டால் அடுத்தது அமாவாசைத் தண்ணீர். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். அந்தச் சீசனே போச்சு.

அதனால் அக்கா முன்னாடியே என்னிடம் வந்து கேட்டார். "ஏம்மா, பௌர்ணமி அன்னிக்கு படகு எறக்குறோம். கற்பூரம் ஏத்துவோம், வெடி வைப்போம். உன் கப்பலுக்கு ஒண்ணும் ஆவாதே?"

நான் கம்பத்தைக் காட்டினேன். அதற்கு அந்தாண்ட என்ன வேணுமானாலும் பண்ணிக்கோங்க அக்கா, ரூல்ஸ்படி தூரம் சரியா இருக்கு என்றேன். டேப் பிடித்து அளந்தவள் இல்லையா, அவ்வளவு தெனாவட்டு.

பௌர்ணமி அன்றைக்குக் காலையில் போனால் கரையே கல்யாண வீடு. படகுக்கு வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி மாலை. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். தம்பிக்காரர் புது வேட்டியில், தரையில் நீளமாகச் சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார். படகைத் தண்ணீருக்குச் சறுக்கி விட ஒரு பள்ளம் வெட்டி, அதில் பனங்கட்டைகள் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பார்ஜில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஓஸ் குழாய் வழியாக லாரிக்குப் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. காலைக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்தது. என் சிவப்புக் கொடி கிழக்கே பார்த்துப் படபடவென்று பறந்தது. லாரியின் மேல் மூடி வழியாக வருகிற பெட்ரோல் ஆவி எல்லாம் நேராகக் கடலுக்குப் போய்விடும். எல்லாம் ஓகே.

வெயில் ஏறியது. மேளச் சத்தத்துக்குத் தாளம் போட்டபடி லாரிக்கு எர்த் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். கொடி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அசைவு இல்லை.

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. காற்று இல்லை, புழுக்கம், அவ்வளவுதான் என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கொடியின் நுனி லேசாக ஆடியது. மேற்கே. கடல் காற்று ஆரம்பித்துவிட்டது. அந்தக் கொடி எந்தப் பக்கம் நீட்டுகிறது என்று கண்ணாலேயே கோடு போட்டுப் பார்த்தேன். லாரி, என் கம்பம், சறுக்குப் பள்ளம், படகு. ஒரே நேர்க்கோடு.

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். லாரி நின்ற இடத்திலிருந்து படகு இருந்த பக்கம் தரை சரிவு. காற்று நின்ற நேரத்தில் எவ்வளவு இறங்கியிருக்குமோ! என் கம்பத்துக்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு நட்ட இடத்தில் நின்றது.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் ஓடினேன். சார், பம்பை நிறுத்துங்க, லாரி மூடியைச் சாத்துங்க, காத்து திரும்பிடுச்சு.

"தூரம் அளந்து குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்னா? இன்னிக்கு பொழுதோட முடிக்கலன்னா கப்பல் இன்னும் ஒரு நாளு நிக்கும். அடியில வேற விரிசல். அது உடைஞ்சா நீ வந்து பானை வெச்சுப் புடிப்பியா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கம் மேளம் வேகம் பிடித்துவிட்டது. பம்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே? ஒரே குத்து. பம்ப் செத்தது. சூப்பர்வைசர் என்ன கத்தினார் என்று நான் கேட்கவில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன்.

பம்ப் நின்றுவிட்டது என்றால் எல்லாம் சரியாகிவிடாது. பள்ளத்தில் படுத்திருப்பது எழுந்து போக நேரம் பிடிக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது பூசாரி பூசணிக்காயைப் படகின் மூக்குக்கு நேராக, பள்ளத்தின் வாயிலேயே வைத்துவிட்டார். மேலே கற்பூரம். தம்பிக்காரர் கையில் தீப்பெட்டி. நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது மேளத்தில் காணாமல் போனது. வேறு வழி தெரியவில்லை. பாய்ந்து பூசணிக்காயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடல் பக்கமாக ஓடினேன். அது வேறு நல்ல கனம். கற்பூரம் உருண்டு எங்கேயோ விழுந்தது. ஹெல்மெட் கண்ணை மறைத்தது. பத்தடி போவதற்குள் நாலு பேர் என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். மேளம் நின்றது.

"ஏய், வைடி கீழ!" தம்பிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "சாமி காரியத்துல வந்து வெளையாடுறியா?"

"தீப்பெட்டிய பாக்கெட்ல வைங்கண்ணே, அப்புறம் பேசலாம்."

"நல்ல நேரம் போவுதுடி!"

"நீங்க தீ வெச்சா நாமளே போயிருவோம்ணே!"

கூட்டம் விலகி அந்த அக்கா வந்தார். பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம்.

"நீதானம்மா சொன்ன? கம்பத்துக்கு அந்தாண்ட என்னா வேணா பண்ணுன்னு?"

"சொன்னேங்க்கா. காலைல அது சரி. இப்ப சரியில்ல. காத்து திரும்பிடுச்சு."

"ரெண்டு வருஷம்மா." அவர் சத்தமே போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ரெண்டு வருஷமா ஊரான் மீன வித்துக்கினு இருக்கேன். இன்னிக்கு எறங்கலன்னா தடை முடிஞ்சுதான். அது உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். பூசணிக்காயை விடவில்லை. "யக்கா, நான் சொல்றத நம்பவே வேணாம். அந்தப் பள்ளத்துல குனிஞ்சு ஒரு தடவ மோந்து பாருங்க. நின்னுகிட்டு இல்ல, தரையோட. ஒண்ணும் இல்லன்னா நானே தீக்குச்சி கிழிக்கிறேன்."

மீன் கூடைக்குள் மூக்கை விட்டு இது இன்றைக்கு வந்தது, இது நேற்று வந்தது என்று தினமும் பிரிக்கிறவர் அவர். என்னை ஒரு முறை முறைத்தார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டுக் குனிந்தார். சாமந்தி, ஊதுபத்தி, ஆற்றுச் சேறு எல்லாம் மணக்கிற இடம் அது. குனிந்தவர் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். புடவைத் தலைப்பால் மூக்கை மூடினார்.

அதற்குள் சூப்பர்வைசரும் வந்துவிட்டார், கையில் கேஸ் மீட்டரோடு. காற்றில் பெட்ரோல் ஆவி இருக்கிறதா என்று பார்க்கிற சின்னக் கருவி அது. "இப்ப பாரு, ஒண்ணுமே இருக்காது" என்றபடி என்னை அசிங்கப்படுத்துவதற்காகவே அதைப் பள்ளத்துக்குள் நீட்டினார். பாதி கை இறங்குவதற்குள் அது வீல் என்று கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அவர் அதை வெளியே எடுத்தார், துடைத்தார், மறுபடி நீட்டினார். மறுபடியும் கத்தியது. அப்படியே திரும்பி ஓடி, லாரி மேல் தானே ஏறி, மூடியை இழுத்துச் சாத்தினார். அந்த வயசில் அவர் அப்படி ஏறுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

அக்கா எழுந்து நின்று முந்தானையை விரித்தார். "தீப்பெட்டி வெச்சிருக்கவன்லாம் இதுல போடு. லைட்டரும்தான். டேய், உன்னியும்தாண்டா சொல்றேன்."

விழுந்தன. தம்பிக்காரர் தன் தீப்பெட்டியைக் கடைசியாகப் போட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது. "அப்ப படகு, அக்கா? தண்ணி ஏறி நிக்குது. கற்பூரம் ஏத்தாம எப்பிடி எறக்குறது?"

பூசாரி தலையை ஆட்டினார். தீபம் காட்டாமல் இறக்கி வழக்கமில்லை என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ அந்த வழக்கத்தை எழுதியதே நான்தான் என்பது போல. எனக்கு எப்போதும் வாய் நீளம். அந்த வாய்க்கு நெருப்பு ஆகாது என்று சொல்லத்தான் தெரியும். வேறு என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

கொடியைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது நன்றாகவே மேற்கே பறந்தது. அப்படியென்றால் பார்ஜுக்குக் கிழக்கே, கடல் பக்கம், காற்று சுத்தம்.

"யக்கா, கடல் வாய்ல போயி ஏத்துனா? படகு மொதல்ல, கற்பூரம் அப்புறம். அங்க போயிட்டா வெடியும் வைக்கலாம். ஆனா அது வரைக்கும் இன்ஜின ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"இன்ஜின் இல்லாம கப்பலத் தாண்டி எப்பிடிம்மா போறது?" என்றார் தம்பிக்காரர்.

அக்கா ஆற்றைப் பார்த்தார். "தண்ணி இன்னும் செத்த நேரத்துல எறங்க ஆரம்பிச்சிடும். அதுவே கடலுக்கு இழுத்துக்கும். நீங்க கழி போட்டு அந்தக் கரையோரமா தள்ளிக்கினு போங்க." பூசாரி பக்கம் திரும்பினார். "சாமி, கடலு தெய்வம்தான? அங்கயே போயி காட்டலாம். மஞ்சத் தண்ணி தெளிங்க இப்ப."

பூசாரி சொம்பை எடுத்தார்.

அவர்கள் படகுக்குத் தோள் கொடுக்கப் போனார்கள், நான் பட்டனுக்கு ஓடினேன். விதிப்படி எந்தப் படகும் பார்ஜ் பக்கத்தில் வரக் கூடாது. பம்ப் ஓடாமல், மூடி எல்லாம் சாத்தி இருந்தால்தான் இந்தப் படகு தாண்ட முடியும். சூப்பர்வைசர் பம்ப் பக்கத்தில் வியர்த்துப்போய் நின்றார். படகு முகத்துவாரம் தாண்டும்வரை பம்பைத் தொடக் கூடாது சார் என்று சொல்லி, பட்டனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பிடித்துத் தள்ளினால் திருப்பித் தள்ளுவது என்ற முடிவோடுதான் நின்றேன். அவர் தள்ளவில்லை. "நானும் இங்கதாம்மா நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஐலசா சத்தத்தோடு படகு பனங்கட்டைகள் மேல் உருண்டு, பள்ளத்தைத் தாண்டி, தண்ணீரில் மூக்கை விட்டு எழுந்தது. நல்ல நேரத்துக்குள் இறங்கிவிட்டது. இன்ஜின் சத்தம் இல்லாமல், வெடி இல்லாமல், வெறும் கழிகளால் தள்ளித் தள்ளி அந்தக் கரையோரமாக எங்களைத் தாண்டிப் போனது. எதிர்க்காற்று ஒரு பக்கம் தள்ளியது, இறங்குகிற தண்ணீர் இன்னொரு பக்கம் இழுத்தது. அவ்வளவு பெரிய படகு அப்படிச் சத்தமே இல்லாமல் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பூசணிக்காய்.

முகத்துவாரத்துக்கு வெளியே போன பிறகு தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் சரவெடி. சத்தம் வந்த மாத்திரத்தில் நானும் சூப்பர்வைசரும் ஒரே நேரத்தில் துள்ளினோம். அப்புறம்தான் சிரித்தோம்.

அன்றைக்கு வேலை முடியவில்லை. பார்ஜ் இன்னொரு நாள் நின்றது. விரிசல் ஒன்றும் பெரிதாகவில்லை. கான்ட்ராக்டர் போனில் என்னை வறுத்தெடுத்தார். கடைசி லாரி போனதும் கொடியை நானே இறக்கி மடித்தேன். எல்லையில் நட்ட கம்பத்தையும் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் மார்க்கெட்டில் அந்த அக்கா என்னைப் பார்த்ததும் கூடைக்குப் பின்னாலிருந்தே கத்தினார்: "வாடி நெருப்பாகாது! அன்னிக்கு நீ அந்தப் பூசணிக்காய கட்டிப்புடிச்ச மாதிரி எந்தப் புருஷனும் பொண்டாட்டிய கட்டிப்புடிச்சு நான் பாத்ததில்ல." மார்க்கெட்டே சிரித்தது. சங்கரா மீனை எடுத்து என் பையில் அவரே திணித்தார்.

இப்போது நான் வேறு ஊரில், பெரிய பெரிய எண்ணெய் டேங்க்குகள் நிற்கிற இடத்தில் அதே வேலையைப் பார்க்கிறேன். ஹெல்மெட் சரியான சைஸ். விதிகள் எல்லாம் மனப்பாடம், ஒன்றையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் காலையில் சரி என்று சொன்னதை மதியம் இல்லை என்று மாற்றிச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமே இல்லை. சொன்ன சொல் மாறுகிறாள் என்று யார் வேண்டுமானாலும் திட்டட்டும். காற்று மாறும்போது நானும் மாறத்தான் செய்வேன்.

இதை எங்கள் ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து டைப் செய்கிறேன். வெளியே கொடி தொங்கிவிட்டது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.